நியாய வாடகையும் ஒப்பிய வாடகையும்

வாடகை என்பது இருவர் பேசி முடிக்கும் விலை மட்டுந்தானா, அன்றி அதற்கும் மேலான நீதியளவு ஒன்று உண்டா? சென்னை நகரின் வாடகை வரலாற்றை நோக்கும்போது இவ்வினா நம்முன் எழுகிறது.

இரண்டாம் உலகப் போரின் நெருக்கடியில், 1941-இல், சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. போர் ஓய்ந்த பின்னரும் கட்டுப்பாடு ஓயவில்லை. 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் சட்டங்கள் தொடர்ந்தன. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'நியாய வாடகை' என்னும் கருத்தே மையமாக நின்றது. மனையின் மதிப்பையும் கட்டடச் செலவையும் கூட்டி, அதில் குறித்த விழுக்காட்டை ஆண்டு வாடகையாகக் கணக்கிட்டனர். எனினும், மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை தருவோருக்கு 1973-இன் திருத்தப்படி இப்பாதுகாப்பு இல்லை. 1986-இல் உச்ச நீதிமன்றம் அவ்விலக்கு செல்லாதெனத் தீர்ப்பளித்தது. 1973-இல் 400 ரூபாய்க்குக் கிடைத்த வீட்டிற்கு ஐந்து மடங்கேனும் தரவேண்டியுள்ளதே எனச் சுட்டியது. வசதியின் அடையாளமாயிருந்த தொகை, பதின்மூன்றே ஆண்டுகளில் எளியோர் தேடியும் கிடைக்காத வாடகையாயிற்று!

வாடகையை உறையவைப்பதே நீதியாகுமோ எனில், மும்பை நமக்கு வேறொன்றைக் கற்பிக்கிறது. அங்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் அளவிலேயே நிறுத்தியது. வரவில்லாத கட்டடத்தைப் பழுதுபார்க்க உரிமையாளர் முன்வரவில்லை. காக்க வந்த சட்டமே குடியிருப்போர் தலைமேல் கூரையைத் தளர்த்தியது. அந்த உறைநிலை நியாயமற்றதாகிவிட்டதென 1997-இல் உச்ச நீதிமன்றமே கூறிற்று.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. இன்று வாடகை என்பது இருவரும் எழுத்தில் ஒப்பிய தொகை. முன்பணத்திற்கு மூன்று மாத வாடகை என்னும் அளவை அச்சட்டம் சொல்கிறது. பத்து மாத வாடகை கேட்பதோ சென்னையின் நெடுநாள் வழக்கம்.

ஒப்பியதெல்லாம் நியாயமாகிவிடுமா? பள்ளி திறக்குமுன் வீடு தேடியாக வேண்டிய தந்தை, கேட்ட தொகைக்கெல்லாம் தலையசைக்கிறார். அது விருப்பமன்று, வேறு வழியின்மை. மறுபுறம், ஓய்வூதியமின்றி அவ்வாடகையாலேயே மருந்து வாங்கும் மூதாட்டியும் வீட்டு உரிமையாளர்தாம். அவருடைய தேவையும் நீதியின் தராசில் வைக்கத்தக்கதே.

எனவே, வீடு பழுதுபடாமல் நிற்பதற்கும், அதில் ஒரு குடும்பம் அச்சமின்றி வேரூன்றுவதற்கும் இடந்தரும் தொகையே நியாய வாடகை என்போம். வாடகை உயர்வை முன்கூட்டியே அறிவிப்பதும், வெள்ளையடிப்பைக் காரணங்காட்டி முன்பணத்தில் வேண்டியபடி பிடித்துக்கொள்ளாதிருப்பதும் உரிமையாளரின் கடமை. வாடகையை நிலுவையின்றித் தருவதும், வாக்களித்த நாளில் வீட்டை ஒப்படைப்பதும் குடியிருப்போரின் கடமை. இவற்றுக்கு நீதிமன்றம் வேண்டியதில்லை. சட்டம் கைவிட்ட 'நியாயம்' என்னும் சொல்லை இனி நம் மனச்சான்று ஏந்திக்கொள்ளட்டும்.