களிம்பும் துருவும்

செம்பிலுள்ள களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று, அதனோடு உடன்பிறந்தது என்றும், அவ்வாறே உயிரின் அறிவை மறைத்து நிற்கும் மூல அழுக்காகிய ஆணவ மலமும் தொடக்கமில்லாத காலந்தொட்டு உயிரோடு கலந்தே இருக்கிறது என்றும் சைவ சித்தாந்தம் கூறுகிறது. இக்கொள்கையை வாழ்நாளெல்லாம் எடுத்துரைத்த மறைமலை அடிகள் (1876–1950), சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்துப் பின் பல்லாவரத்தில் குடியேறினார். அக்கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்தது. அவர் பெயர் தாங்கிய மறைமலை நகரோ மோட்டார் வாகனத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. இவ்வூர்களை இணைக்கும் ஜி.எஸ்.டி. சாலையோர ஒர்க்‌ஷாப்களில் துருவைப் பற்றி எழும் பேச்சை அவருடைய கொள்கையோடு சேர்த்து எண்ணுவது, ஆகவே, பொருத்தமற்றதாகாது.

வண்டியின் புகைபோக்கும் குழாய் எங்கும் ஒரே அளவில் சூடாவதில்லை. எஞ்சினை ஒட்டிய மேனிஃபோல்டு கடும் ஓட்டத்தில் 600 டிகிரி செல்சியஸையும் தாண்டக்கூடும். பின்கோடியிலுள்ள சைலன்சர் அதைவிட மிகக் குறைவாகவே சுடும். கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கும் எனாமல் அச்சூட்டில் கருகி உதிர்ந்துவிடுவதால், குழாயைத் துருவிலிருந்து காக்கச் சிலிகான் பிசினில் அலுமினியத் தூள் கலந்த வெப்பந்தாங்கிப் பெயின்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். அப்பெயின்டின் இயல்பு சிந்தனைக்குரியது: காய்ந்த பின்னும் நகத்தால் சுரண்டினால் பெயரக்கூடிய அந்தச் சாம்பல் நிறப் படலம், எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி, ஆறவிட்டு, மீண்டும் ஓட்டும்போது, பிற பெயின்டை எரிக்கும் அதே சூட்டினால் இறுகுகிறது. வினைப்பயன்களை நுகர நுகர மலத்தின் மறைக்கும் ஆற்றல் தளர்வதைச் சித்தாந்தம் மலபரிபாகம் என்கிறது. பாகம் என்ற சொல்லுக்கே வேகுதல் என்பது பொருள். சூட்டிலிருந்து விலகி நின்று எவ்வுயிரும் பக்குவம் அடைவதில்லை.

ஆயினும் பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. மார்க்கெட் வரை சென்று திரும்பும் குறுகிய ஓட்டங்களில் குழாய் போதிய சூடேறாமல், அந்நீர் சைலன்சரின் உள்ளேயே தங்கி இரும்பை அரிக்கிறது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தின்னரால் துடைத்து, எத்தனை நல்ல பெயின்டை மேலே அடித்தாலும் அது உட்புறத்தை எட்டாது. இதைக் கொண்டு திருநீறும் வழிபாடும் வெறும் மேற்பூச்சு என்று முடிவுகட்டுவது பிழை; கடற்காற்றின் உப்பும், மழைக்காலத்தில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பக்கம் தேங்கும் நீரும் வெளியிலிருந்து அரிப்பதைப் பெயின்ட் மெய்யாகவே தடுக்கிறது. சித்தாந்தமும் புறத்தொண்டாகிய சரியையையும் பூசையாகிய கிரியையையும் ஞானத்துக்கு ஏறும் படிகளாகவே வைத்தது.

உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. உள்ளே துருவேறிய சைலன்சரைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டலாம். உயிருக்கு மாற்று உயிர் கிடையாது. மலத்தோடு கூடிய அதே உயிரே தெளிவடைய வேண்டியிருப்பதனால்தான், தன் முயற்சி மட்டும் போதாதென்று சித்தாந்தம் திருவருளை வேண்டி நிற்கிறது.