பாலில் கரைந்த மீன்

வைகை அணையில் கட்லா மீன் வாங்குகிறவர்கள் அதன் செதிலைத் திரும்பியும் பார்ப்பதில்லை. காசு அகலத்துக்கு இருக்கும் அந்தச் செதில் காகத்துக்குக்கூட உதவாது. ஆனால் அதிலிருந்தும் மீன் தோலிலிருந்தும் எடுக்கும் ஒரு பொடி இன்று மருந்துக் கடைகளில் நல்ல விலைக்குப் போகிறது. கொலாஜன் என்று பெயர். நம் தோலையும் எலும்பையும் குருத்தெலும்பையும் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் புரதம் அது. செதிலை அமிலத்தில் ஊற வைத்துச் சுண்ணாம்புச் சத்தை நீக்கி, வெந்நீரில் வேக வைத்து, நொதிகளால் சிறு துண்டுகளாக்கி உலர்த்தினால் வெள்ளைப் பொடி கிடைக்கும். மலைக்கு அந்தப் பக்கம், கொச்சியில் 1957 முதல் நடந்துவரும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்த ஆராய்ச்சியைச் செய்திருக்கிறது. வீணாய்ப் போவதைப் பயனாக்குவது நல்ல காரியம்தான். அதில் எனக்கு வழக்கு இல்லை.

வழக்கு வேறு இடத்தில் இருக்கிறது. போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் என் நண்பர் பரம்பரைச் சைவர். அவருடைய தாயாருக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. சனிக்கிழமை தவறாமல் குச்சனூர் போய் வந்த அந்த அம்மாள், மூட்டு வலியால் இப்போது வாசற்படி இறங்கவே சுவரைப் பிடிக்கிறார். நண்பர் இந்தப் பொடியை வாங்கி, எவர்சில்வர் டப்பாவில் கொட்டி வைத்து, தினமும் பாலில் கலந்து கொடுக்கிறார். 'சத்து மாவு' என்று சொல்லித்தான்.

"இதிலே என்னண்ணே தப்பு? வாடை உண்டா, முள் உண்டா? இதுக்காக ஒரு மீனாவது செத்துதா? யாரோ குழம்பு வைக்கப் பிடிச்சது, நாம எடுத்தது குப்பையைத்தானே?" என்றார்.

லேசில் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல. அவர் சொல்ல மறந்ததையும் நானே சேர்க்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊற வைத்துப் பயிருக்குத் தெளிப்பது உண்டு. அந்த அம்மாள் பூஜையில் படைக்கும் வாழைப்பழத்துக்குள்ளும் ஒரு மீன் போயிருக்கலாம். ரசாயனத்தைக் கொண்டு அளந்தால் உலகத்தில் சைவர் என்று ஒருவரும் மிஞ்சமாட்டார்.

ஆனால் விரதத்தை ரசாயனத்தால் அளக்க முடியுமா? கல்யாண வீட்டிலும் ரயில் பயணத்திலும் எத்தனையோ முறை பசியோடு "வேண்டாம்" என்று சொல்லிச் சொல்லி அந்த அம்மாள் சேர்த்து வைத்த சொத்து அது. தோட்டக்காரன் அதைத் தொடவில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவான். மகன்தான் தொட்டுவிட்டார். பொடி மீனே இல்லை என்று அவர் மனப்பூர்வமாக நம்பினால், 'சத்து மாவு' என்ற பெயர் எதற்கு? கடை டப்பாவில் அசைவம் என்று காட்டும் பழுப்பு முக்கோணம் இருந்ததே, அதை ஏன் வீட்டுக்குள் வைக்கவில்லை?

உயிருக்கு ஆபத்து என்றால் நானும் தயங்குவேன். மருந்துகளுக்கு இந்தச் சைவ, அசைவக் குறி கட்டாயமில்லை என்று 2013-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனால் இது மருந்தும் அல்ல. தின்ற கொலாஜன் நேரே முழங்காலுக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. வயிற்றிலும் குடலிலும் மேலும் சிதைந்துபோகிறது. வலி சற்றுக் குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் பொடி விற்பவர்களே.

"சொன்னா குடிக்க மாட்டாங்கண்ணே" என்றார் நண்பர். குடிக்காமல் இருக்கட்டுமே! அல்லது யார் கண்டது, "மருந்துதானேப்பா, கொடு" என்று அந்த அம்மாளே கை நீட்டவும் கூடும். வயதானவர்களுக்கு மறுக்க மட்டும்தான் தெரியும் என்று நமக்கு யார் சொன்னது? மனத்தோடு மல்லாடி ஒரு முடிவுக்கு வர அவருக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. முழங்காலில்தான் வலி.