மணியும் வேறொரு மணியைத் தேடலாமோ?

இரத்தினங்களுக்குச் சக்தி உண்டா என்னும் வினா மிகப் பழமையானது. 6ஆம் நூற்றாண்டினரான வராஹமிஹிரர் தமது பிருஹத் ஸம்ஹிதையில், குணமுள்ள இரத்தினம் அரசர்க்கு நன்மையையும், குற்றமுள்ளது தீமையையும் விளைக்கும் என்று கூறி, அவற்றைப் பரீக்ஷிக்கும் முறையையும் வகுத்தார். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையும் மதுரை இரத்தினக் கடைவீதியின் மணிகளை, அவற்றின் குணகுற்றங்களோடு எடுத்துரைக்கிறது. மாணிக்கம் சூரியனுக்கும் நீலம் சனிக்கும் உரியவை என்பது சோதிட வழக்கு. ஆதலின் சனி தசை வந்ததென்று அஞ்சி, கடன்பட்டேனும் நீலக்கல் மோதிரம் அணிவோர் இன்றும் உளர். எம்பெருமானைச் சரணமடைந்த ஒருவன் இவ்வாறு கல்லைக் காவலாகக் கொள்வது தகுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதலில் கல்லின் இயல்பு. மாணிக்கமும் நீலமும் பொருளால் ஒன்றே; இரண்டும் குருந்தம் என்னும் கனிமம். அதில் சிறிதளவு குரோமியம் கலந்தால் செம்மை தோன்றும். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம் தோன்றும். பகைக் கிரகங்களுக்கு உரியவை எனப்படும் இரண்டும் ஒரே இனத்தவை. நிறத்தில் வேற்றுமை உண்டன்றோ எனின், உண்டு. அது கண்ணுக்கு இனிமை தரும். கர்மபலனை மாற்றும் ஆற்றல் அதனுள் காணப்படவில்லை.

ஸ்ரீமத் ராமாயணத்துச் சூடாமணியின் வரலாறும் இதனையே உணர்த்தும். நீரில் பிறந்த அம்மணியை இந்திரன் ஜனகருக்கு அளித்தான். விவாஹ காலத்தில் அது பிராட்டியின் சிரசை அலங்கரித்தது. தேவராஜன் தந்த மணி உடனிருந்தும், இராவணன் செய்த கொடுமையை அது தடுக்கவில்லை. ஆயினும் அனுமன் அதனைக் கொணர்ந்து ஸமர்ப்பித்தபோது, பெருமாள் மார்போடு அணைத்துக் கண்ணீர் பெருக்கினார். காவலாக உதவாத கல் அன்பின் அடையாளமாக உதவிற்று.

கோயில் நகைகளிலும் இவ்வுண்மை விளங்கும். நாகர்கோவில் வடசேரியின் கைவினைஞர்கள் கெம்புக் கற்களை ஒவ்வொன்றாகக் கையால் பதித்து நகை செய்கின்றனர். கெம்பு விலையால் மாணிக்கத்துக்கு நிகராகாது. எனினும் பக்தியோடு ஸமர்ப்பிக்கப்பட்டுத் திருமேனியில் ஏறியபின் அதனைச் சேவிப்பவர் விலை கேட்பதில்லை. கல்லுக்கு ஏற்றம் அது சேர்ந்த இடத்தால் வருவது.

இலங்கையில் பிரமாஸ்திரத்தால் கட்டுண்ட அனுமனை அரக்கர்கள் சணற்கயிற்றாலும் பிணித்தனர். வேறொரு கட்டைப் பொறாத அவ்வஸ்திரம் அக்கணமே விலகியது. பிரபத்தியும் அத்தன்மையதே என்று பூர்வாசார்யர்கள் அருளிச்செய்வர். எம்பெருமானே ரக்ஷகன் என்று துணிந்தவன் மற்றொன்றையும் துணையாகப் பற்றினால், அந்தத் துணிவுக்கே குறை வரும்.

அங்ஙனமாயின் மணிகளைக் களைந்தெறிய வேண்டுமோ எனின், வேண்டா. அலங்காரமாகவும், பெரியோர் அளித்த நினைவாகவும், குலவழக்காகவும் அணிவதில் தோஷம் இல்லை. குற்றம் விரலில் இல்லை. நெஞ்சின் நம்பிக்கையில் உள்ளது. அதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. மோதிரம் தொலைந்தபோது பொருள் போயிற்றே என்று வருந்துவது உலக இயல்பு. காவல் போயிற்றே என்று ஒருவன் நடுங்குவானாயின், அவன் அதுகாறும் யாரைச் சரணமாகப் பற்றியிருந்தான் என்பதை அந்த நடுக்கமே காட்டிவிடும். கடன் தந்த துன்பத்தினும் இவ்வச்சம் தரும் துன்பம் பெரிது.

எம்பெருமான் திருமார்பில் விளங்கும் கௌஸ்துபம் நிர்மலமான ஆத்ம தத்துவமே என்று ஸ்ரீவிஷ்ணு புராணம் முதல் அம்சத்தில் கூறுகிறது. ஆத்மாவையே மணியாக்கி அவன் மார்பில் தரித்திருக்கிறான். அந்த மார்பில் இடம் பெற்ற மணி, தன்னைக் காத்துக்கொள்ள வேறொரு மணியைத் தேடலாமோ?