முகம் காட்ட ஆசை, மறைந்திருக்கக் கட்டாயம்



நடிக்கணும்னு ஆசைப்படுகிற ஒருவருக்கு முகம்தான் மூலதனம். நாலு பேர் அந்த முகத்தைப் பார்க்கணும், பேர் சொல்லிப் பேசணும். அதே ஆள் யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டிய நிலையும் வந்தால் என்ன செய்வது? ஆசையை விடணுமா? மறைத்துக்கொண்டு நடித்தால் அது பொய்யாகிவிடுமா?

இது நம்ம போர்ட் கிள்ளானுக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று நினைக்காதீங்க. இன்றைக்குக் கைப்பேசி இருந்தால் போதும், நாலு நண்பர்கள் சேர்ந்து குறும்படம் எடுத்துவிடலாம். மூன்று பேரைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு பெண், அடித்து உதைத்த கணவனை விட்டு வேறு மாநிலத்திலிருந்து இங்கே வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். ஓர் இளைஞர், நண்பர்களிடம் பணம் வாங்கிவிட்டுத் திருப்பித் தராமல் பழைய எண்ணை மாற்றிக்கொண்டு திரிகிறார். இன்னொரு பெண், வீட்டுக்குத் தெரிந்தால் திட்டுவார்கள் என்று பயந்து, ஒத்திகைக்குப் போவதை டியூஷன் என்று சொல்கிறார். மூவருக்கும் நடிப்பு ஆசை, மூவரும் எதையோ மறைக்கிறார்கள். மூவரையும் ஒரே தராசில் வைக்கலாமா? முடியாது என்பதுதான் என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் ஓர் உண்மைக் கதை.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன், திருவனந்தபுரத்தில் ஜே.சி. டேனியல் என்பவர் 'விகதகுமாரன்' என்ற ஊமைப்படத்தை எடுத்தார். மலையாளத்தின் முதல் படம் அது. கதாநாயகியாக நடித்தவர் பி.கே. ரோஸி. தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்த, உழைத்துப் பிழைத்த பெண். காக்காரிசி நாடகம் என்ற நாட்டுப்புறக் கூத்தில் ஆடிப் பழகியவர். சிவபெருமானும் பார்வதியும் நாடோடி வேடத்தில் பூமிக்கு வருகிற கதையை நடிக்கும் கூத்து அது. தமிழும் மலையாளமும் அதில் கலந்து வரும்.

படத்தில் அவருக்குக் கிடைத்த பாத்திரம் சரோஜினி என்ற நாயர் குலப் பெண். அதுதான் வினையாகப் போயிற்று. முதல் காட்சிக்கு அவரையே வரக்கூடாது என்று தடுத்தார்கள். தாழ்ந்த சாதிப் பெண் உயர்ந்த சாதிப் பெண்ணாக நடிப்பதா என்று கூட்டம் கொதித்தது, திரையின் மேல் கல் விழுந்தது. ரோஸி உயிருக்குப் பயந்து ஊரை விட்டு ஓடினார். லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து முடித்தார். அதன்பின் அவர் நடிக்கவே இல்லை. அவர் நடித்த அந்த ஒரே படத்தின் சுருளும் இன்று இல்லை.

பல ஆண்டுகள் கழித்து உலகம் அவரைத் தேடியது. டேனியலின் கதையைச் சொல்லும் 'செல்லுலாய்ட்' படம் 2013-இல் வந்தது, அதில் ரோஸியும் ஒரு முக்கியப் பாத்திரம். 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்புப் பக்கத்தில் அவர் சித்திரத்தைப் போட்டது. உலகமே பார்த்த அன்றைக்கு, பார்க்க அவர் இல்லை.

இப்போது சொல்லுங்கள், ரோஸி பெயரை மாற்றிக்கொண்டு ஒளிந்து வாழ்ந்தது பொய்யா? பொய் என்றால் யார் செய்த பொய்? கல்லெறிந்தவன் தன் பெயரோடு, தன் வீட்டில், நிம்மதியாகத் தூங்கினான். கல்லடிபட்டவள்தான் பெயரைத் தொலைத்தாள். இந்த மாதிரி மறைவில் வெட்கப்பட வேண்டியவர் மறைந்தவர் இல்லை.

அப்படியானால் எல்லா மறைவும் சரியா? இல்லை. அதற்கு நம்ம திருவள்ளுவரிடமே போகலாம். கூடாவொழுக்கம் என்று 28-ஆவது அதிகாரத்தில் வேடத்தைக் கடுமையாகச் சாடுகிறார். தவ வேடம் போட்டுத் தப்பு செய்கிறவனைப் புலித்தோலைப் போர்த்திக்கொண்டு பயிரை மேய்கிற பசுவுக்கு ஒப்பிடுகிறார். புதருக்குள் மறைந்து பறவையைப் பிடிக்கிற வேடனையும் உவமை சொல்கிறார். கவனியுங்கள். வேடனும் ஒளிந்திருக்கிறான், அவனுக்குப் பயந்த பறவையும் ஒளிந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஒருவன் பிடிப்பதற்காக ஒளிகிறான், இன்னொன்று பிழைப்பதற்காக ஒளிகிறது.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: என் மறைவினால் யாருக்கு நஷ்டம்? கணவனின் அடிக்குப் பயந்து வந்த பெண் மறைந்திருப்பதால் நியாயமான எவருக்கும் நஷ்டமில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்தவர் விஷயம் வேறு. அவர் திரையில் ஜொலித்தாலும், கடன் கொடுத்த நண்பனின் வீட்டில் அடுப்பு எரியாது. அவர் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் கேமரா முன்னால் இல்லை, அந்த நண்பன் முன்னால்.

சரி, நியாயமாக மறைந்திருப்பவர் தன் கலையை என்ன செய்வது? இதற்கு நம்ம இதிகாசத்திலேயே ஓர் ஆள் இருக்கிறார்: பிருகன்னளை.

பாண்டவர்களுக்கு 12 ஆண்டு வனவாசம், 13-ஆவது ஆண்டு அஞ்ஞாதவாசம். அந்த ஓர் ஆண்டில் அடையாளம் தெரிந்துவிட்டால் மறுபடியும் 12 ஆண்டு காடு. விராட மன்னனின் ஊருக்கு வெளியே ஒரு வன்னி மரத்தில் ஆயுதங்களைக் கட்டி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். அர்ச்சுனன் எடுத்தது ஆட்டம் கற்றுக்கொடுக்கும் பிருகன்னளை வேடம். வில்லின் நாண் உரசிக் கையில் தழும்பு ஏறியிருந்ததால் அதை வளையல் போட்டு மறைத்தான். உலகமே கொண்டாடிய வில்லாளி, அரண்மனைப் பெண்களுக்குப் பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுத்து ஓர் ஆண்டை ஓட்டினான்.

இதில் மூன்று விஷயம் நமக்கு உதவும்.

ஒன்று, அவன் ஒளிந்த காலத்திலும் கலையை விடவில்லை. வில்லைத்தான் மரத்தில் வைத்தான். ஆட்டத்தையும் பாட்டையும் கூடவே கொண்டு போனான். பேர் வெளியே தெரியாவிட்டாலும் வேலை நடந்தது.

இரண்டு, அந்த மறைவுக்கு ஒரு முடிவு நாள் இருந்தது. கௌரவர்கள் மாடுகளைக் கவர வந்தபோது காண்டீபத்தை எடுத்து நாணொலி எழுப்பினான். 'கெடு முடியவில்லை, மாட்டிக்கொண்டான்' என்று துரியோதனன் துள்ளினான். கணக்குப் பார்த்த பீஷ்மர், காலம் முடிந்துவிட்டது என்றார். எப்போது வெளியே வரலாம் என்று தெரிந்து மறைந்திருப்பது வேறு, பயத்தில் வாழ்நாள் முழுக்கப் புதைந்து கிடப்பது வேறு.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. போரில் ஜெயித்தவன் அர்ச்சுனன். ஆனால், ஊருக்குள் போய் 'நான்தான் ஜெயித்தேன் என்று சொல்' என்று இளவரசன் உத்தரனிடம் சொல்கிறான். விராட மன்னனும் மகன்தான் வென்றான் என்று பூரித்துப் போகிறான். 'பிருகன்னளை கூடப் போனால் வெற்றி நிச்சயம்' என்று சொன்ன தருமரின் முகத்தில் தாயக்கட்டையை வீசி ரத்தம் வர வைக்கிறான். உத்தரன் என்ன செய்தான்? சும்மா கிடைத்த புகழை வாங்கிக்கொள்ளவில்லை. 'போரிட்டது நானில்லை, ஒரு தேவகுமாரன்' என்றான். அர்ச்சுனனைக் காட்டியும் கொடுக்கவில்லை, அவன் புகழைத் திருடவும் இல்லை. மறைந்திருக்கிற ஒருவருக்கு எப்படி நண்பனாக இருப்பது என்பதை உத்தரனிடம்தான் படிக்க வேண்டும்.

"புகழே மாயை, அதை விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?" என்று சிலர் சுலபமாகச் சொல்வார்கள். நான் ஒப்ப மாட்டேன். புகழுக்கு 24-ஆவது அதிகாரத்தையே ஒதுக்கினார் வள்ளுவர். அதைத் துறவறத்தில் வைக்கவில்லை, இல்லறத்தில், ஈகைக்கு அடுத்து வைத்தார். கொடுத்து வாழ்கிறவனைத் தேடி வருவது புகழ் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு புகழை விரும்புவது பாவமில்லை. ஏற்கெனவே எல்லாரும் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர், யாருமே பார்க்காத ஒரு பெண்ணிடம் "ஆசையை விடு" என்று சொல்வது உபதேசம் ஆகாது. துறவு அவரவர் எடுப்பது. ஒருவருக்காக இன்னொருவர் எடுக்க முடியாது.

ஆனால் புத்தி வேண்டும். உயிருக்கு ஆபத்து இருக்கிற காலத்தில் முகத்தை வெளியே விடக்கூடாது. வன்னி மரத்திலிருந்து வில்லை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரு காணொளி நாலு பேர் புலனத்துக்குப் போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது. பின்னால் தெரிகிற கடைப் பெயர்ப்பலகை ஒன்றே போதும், தேடுகிறவன் வந்து நிற்பான். அந்தச் சமயத்தில் முகம் தேவைப்படாத வேலைகள் எத்தனையோ இருக்கின்றன. குரல் கொடுக்கலாம், வசனம் எழுதலாம், கோயில் விழாவில் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கலாம். அதெல்லாம் இரண்டாந்தர வேலை இல்லை. பிருகன்னளை செய்ததும் அதைத்தானே? கூடவே, காவல் துறை, சமூக நலத் துறை என்று உதவி கேட்டு, மறைவுக்கு ஒரு முடிவு நாளைத் தேடவும் வேண்டும்.

டியூஷன் என்று பொய் சொல்லும் தங்கையை மறக்கவில்லை. அம்மா அப்பா திட்டுவார்கள் என்ற பயம் வேறு, அடித்து முடமாக்குவார்கள் என்ற பயம் வேறு. முதல் வகை என்றால் ஒருநாள் உட்கார்ந்து பேசிவிடுங்கள். தனியாகப் பேசப் பயமாக இருந்தால் அத்தையையோ சித்தியையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: மகள் நடிக்கப் போனால் குடும்ப மானம் போய்விடும் என்கிற பேச்சு, ரோஸி மேல் விழுந்த கல்லுக்குத் தூரத்துச் சொந்தம்.

கடைசியாக, நடிக்காத நமக்கும் இதில் பங்கு உண்டு. கோயில் திருவிழாவில் எடுத்த படத்தை அனுமதி கேட்காமல் பேர் போட்டுப் பதிவேற்றுகிறோம். "என் படத்தை எடுத்துடுங்க" என்று ஒருவர் கேட்டால், "பெரிய நடிகை பாரு" என்று கிண்டல் செய்கிறோம். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. கேட்டவுடன் எடுத்துவிடுவதுதான் தர்மம்.

இந்த மாதச் சந்திப்பில் இதைப் பேசிப் பாருங்கள். மறைந்து வாழும் ஒருவர் உங்கள் நாடகக் குழுவில் சேர வந்தால், அவருக்கு என்ன வேலை கொடுப்பீர்கள்? அவர் ரகசியத்தை யார் காப்பது? அவர் வெளியே வரும் நாளில் பக்கத்தில் யார் நிற்பது? உங்கள் குழுவிலேயே முடிவெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரோஸிக்கு அப்படி ஒரு குழு இருந்திருந்தால், அவருக்கு இரண்டாவது படமும் இருந்திருக்கும்.