பண்முறையும் தலமுறையும்

தேவாரப் பதிகங்களைப் பாடியவர், தலம், பண் என்ற மூன்று குறிப்புகளால் வகைப்படுத்தலாம். சிதம்பரத்தில் ஏடுகள் மீட்கப்பட்டபின் நம்பியாண்டார் நம்பி அவற்றை ஆசிரியர்வாரியாக ஏழு திருமுறைகளாக்கினார் என்பது மரபு. உள்வரிசை பெரும்பாலும் பண்ணைப் பற்றியது. பண்முறை எனப்படும் இந்த அடுக்கில் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர் சிதறிவிடுகிறது: சம்பந்தர் பதிகம் இரண்டாம் திருமுறையில், அப்பர் பதிகம் நான்காவதில். தலவாரியாக அடுக்கும் தலமுறைப் பதிப்பில் இரண்டும் நடுநாட்டின் கீழ் ஒன்றுசேரும். வணிக நிறுவனம் வாடிக்கையாளர், பொருள், ஊர் ஆகியவற்றைத் தனிப் புலங்களாக வைத்து வேண்டியபடி அடுக்குவதும் இவ்வாறே.

பண், தலம் ஆகிய இவற்றில் எது பதிகத்தின் இயல்பு? தலம் குறிக்காத பொதுப் பதிகங்கள் உண்டு. அங்கே அந்தப் புலம் வெறுமை. அப்பரின் திருத்தாண்டகங்களோ பண்ணால் அல்ல, யாப்பால் தொகுக்கப்பட்டவை. ஆகவே இரு வரிசையும் ஓதுவோரின் தேவைக்கு வகுத்தவை எனக் கொள்வதே பொருத்தம். பண்முறை பாடுவோருக்கும் தலமுறை யாத்திரை செல்வோருக்கும் உதவுகிறது.