உடைமையும் வாக்குரிமையும்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

பொதுநலம் குறித்துத் தீர்மானிக்கும் உரிமைக்கு உடைமை தகுதியாகுமா என்பது அரசியல் அறம் சார்ந்த பழைய வினாவாகும். இங்கிலாந்தில் 1430ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டுக்கு 40 ஷில்லிங் மதிப்புடைய சொந்த நிலம் கொண்டோரே கவுண்டித் தேர்தல்களில் வாக்களித்தனர். நான்கு நூற்றாண்டுகள் நிலைத்த அவ்விதிக்குப் பின்னாளில் கூறப்பட்ட நியாயம், நிலமுடையவனுக்கே நாட்டின்மீது நிலைத்த அக்கறை உண்டு என்பதாகும். அந்நியாயத்தை உத்திரமேரூரையும் கோலார் தங்கவயலையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

உத்திரமேரூர் விதிகள்

முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921), குடவோலையில் பெயர் இடப்பெறுவோர்க்குரிய தகுதிகளை வரையறுக்கிறது. இறை செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்கு உட்பட்ட வயது, வேதக் கல்வி என்பன அவை. இங்கிலாந்தில் நிலம் வாக்காளரை வரையறுத்தது. இங்கு அது பொறுப்பேற்போரை வரையறுத்தது. இது பிராமணர் ஊரின் சபை என்பதும் மறக்கத்தக்கதன்று.

கல்வி மிகுந்தோர்க்கு அரைக்கால் நிலமே போதும் என இவ்விதி தளர்கிறது. மேலும், பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதோரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்படுகின்றனர். நிலமே நேர்மைக்குப் போதிய சான்றாயின் இவ்விலக்கு வேண்டப்பட்டிராது. உடைமையை முழுதும் நம்ப இயலாது என்பதை, உடைமையைத் தகுதியாக்கிய சபையே உணர்ந்திருந்தது எனலாம்.

தங்கவயல் எழுப்பும் வினா

மைசூர்ப் பிரஜாப் பிரதிநிதி சபை 1881இல் தோன்றியது; 1891 முதல் அதன் உறுப்பினர் தேர்தலுக்குச் சொத்துத் தகுதி அடிப்படையாயிற்று. அதே காலத்தில் தங்கவயலுக்குத் தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் வந்தனர். அவருள் பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள். வாழ்ந்தது கம்பெனி லைன் குடியிருப்புகளில். காலப்போக்கில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை இறங்கி உயிரைப் பணயம் வைத்த இவர்க்கு, நிலத்தையும் சொந்த மனையையும் கேட்கும் எந்த அளவுகோலும் இடமளிக்காது.

நிலமில்லாதவன் ஊரைவிட்டு எளிதில் பெயர்வான், ஆதலின் அவனுக்கு அக்கறை குறைவு என்பர். 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னைய நிலை இக்கூற்றை மறுக்கிறது. ராபர்ட்சன்பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த லைன்களிலும் வாழ்ந்தோர் பலர், நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்றேனும் ஊரிலேயே தங்கினர். உடைமையுள்ளவனுக்கு விற்றுச் செல்லும் வழியுண்டு. உடைமையற்றவனுக்கோ, ஊரைப் பற்றிய முடிவே தன் வாழ்வைப் பற்றிய முடிவாகிறது.

முடிவுரை

ஒருவரின் அக்கறையை அவர் கைப்பொருளால் அளப்பது பொருந்தாது. பொது முடிவொன்றால் அவர்க்கு நேரக்கூடிய இழப்பே தக்க அளவுகோலாகும். அவ்வாறு அளப்பின் உடைமையற்றோரின் உரிமையே முந்தி நிற்கும். இந்திய அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு வழங்கிய வயதுவந்தோர் வாக்குரிமை, இவ்வகையில் கருணையால் அளித்த கொடையன்று. நெடுங்காலம் மறுக்கப்பட்ட நீதியாகும்.