விற்பனையோடு முடியாத கடன்

ஒரு பொருளை விற்றவன் அதற்குரிய விலையைப் பெற்றுக்கொண்டான். வாங்கியவன் பொருளைப் பெற்றுக்கொண்டான். அத்துடன் இருவருக்கும் இடையே இருந்த கணக்குத் தீர்ந்துவிடுகிறதா? வணிகம் பெரும்பாலும் 'தீர்ந்தது' என்றே சொல்லும். அறமும் அவ்வாறே சொல்லுமா? இவ்வினாவை வானளாவிய தத்துவங்களைக் கொண்டு ஆராய்வதைக் காட்டிலும், பழுதுபட்ட ஒரு பழைய எந்திரத்தை முன்னே வைத்துக்கொண்டு ஆராய்வது நலம் என்று கருதுகிறேன்.

மரமறுக்கும் சங்கிலி வாளை எடுத்துக்கொள்வோம். 1927-இல் ஜெர்மனியில் டோல்மார் நிறுவனம் செய்த பெட்ரோல் வாள் 58 கிலோ எடை கொண்டது. இரண்டு ஆட்கள் இருபுறமும் பிடித்தாலன்றி அது மரத்தைத் தொடாது. 1949-இல் அமெரிக்காவின் மெக்கல்லக் நிறுவனம் 25 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 11 கிலோ எடையில் ஒருவர் தூக்கி அறுக்கும் வாளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. காட்டுத் தொழிலாளியும் பண்ணைக்காரரும் அத்தகைய வாள்களை விரும்பி வாங்கினர். தந்தை பிடித்த வாளை மகன் பிடித்தான். அவற்றுள் பல இன்றும் அமெரிக்கக் கொட்டகைகளில் தூசி படிந்து கிடக்கின்றன.

அவை ஏன் கிடக்கின்றன? இரும்பு தேய்ந்து போனதாலா? அன்று. பெரும்பாலும் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. மக்னீசிய உலோகத்தால் வார்த்த உடலும் உறுதியாக இருக்கிறது. கெட்டுப்போனது காபுரேட்டரின் உள்ளே இருக்கும் மெல்லிய ஒரு சவ்வு. அல்லது எரிபொருள் செல்லும் விரல்நீள ரப்பர் குழாய். இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் அந்தக் காலத்து ரப்பரைக் கெடுத்துவிடுகிறது. சில காசு பெறுமான ரப்பருக்காகப் பல கிலோ உலோகம் செயலற்றுப் போகிறது.

இனி அந்த வாளை உயிர்ப்பிக்க முனைகிறவரின் தேடலைப் பின்தொடர்வோம். அவருக்குச் சில பாகங்கள் எளிதில் கிடைக்கின்றன. சில எங்கு தேடியும் கிடைப்பதில்லை. எவை எளியன, எவை அரியன என்று பார்த்தால் ஓர் உண்மை புலப்படும்.

சங்கிலி எளிதில் கிடைக்கிறது. 1946-இல் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்பவர், மரத்தைக் குடையும் வண்டின் புழு தன் வளைந்த தாடைகளால் குறுக்கும் நெடுக்கும் எளிதாக அரித்துச் செல்வதைக் கண்டு, அதைப் போலவே வளைந்த பல் கொண்ட சங்கிலியை அமைத்தார். மறு ஆண்டு தொடங்கிய அவருடைய தொழில், பல நிறுவனத்தாரின் வாள்களுக்கும் சங்கிலி வழங்கும் பெருந்தொழிலாயிற்று. கண்ணியின் இடைவெளி 3/8 அங்குலம் என்றால், அது இன்றும் 3/8 அங்குலமே. சக்கரமும் சட்டமும் அவ்வளவுக்கு இசைந்தால் பழைய வாளிலும் புதிய சங்கிலி ஓடும்.

பேரிங்கும் அவ்வாறே. 6202 என்று எண்ணிட்ட பேரிங்கின் துளை 15 மில்லிமீட்டர்; வெளி விட்டம் 35; தடிப்பு 11. எந்த நாட்டில் எவர் செய்தாலும் இவ்வளவு மாறாது. பிஸ்டன் வளையத்தையும் விட்டமும் தடிப்பும் சொல்லி வாங்கிவிடலாம்.

ஆனால் தீப்பொறி தரும் காயில், அதிர்வு தாங்கும் ரப்பர்க் கட்டை, எண்ணெய் இறைக்கும் சிறு பம்பு ஆகியவை அப்படியல்ல. அவை அந்த ஒரு நிறுவனத்தின் அந்த ஒரு மாதிரிக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றுக்கும் எண் உண்டு. ஆனால் அந்த எண் நிறுவனத்தின் பட்டியலுக்குள் மட்டுமே பொருள் தருவது. 6202 என்பது உலகறிந்த அளவு. மற்றதோ ஒரு வீட்டாருக்குள் வழங்கும் செல்லப்பெயர். வீட்டார் மறைந்தால் அந்தப் பெயரைப் புரிந்துகொள்ள ஆளில்லை.

வீட்டார் மறைந்தும் போகின்றனர். மெக்கல்லக் நிறுவனம் 1999-இல் நொடித்துப்போயிற்று. அப்பெயர் இன்று ஸ்வீடனைச் சேர்ந்த ஹஸ்க்வர்னாவின் கையில் இருக்கிறது. பெயரை வாங்கலாம்; ஆனால் பெயரோடு பழைய கடமைகளும் வந்து சேருமா?

இவ்விடத்தில் ஒரு வரலாற்று நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. இந்நிறுவனத்தை நிறுவிய ராபர்ட் மெக்கல்லக்தான், 1831-இல் திறக்கப்பட்ட பழைய லண்டன் பாலத்தை 1968-இல் 24,60,000 டாலருக்கு வாங்கினார். கல் ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, கடல் கடந்து அரிசோனாப் பாலைநிலத்துக்குக் கொணர்ந்தார். உள்ளே புதிய கான்கிரீட், வெளியே பழைய கற்கள் என்று கட்டப்பட்ட அப்பாலம் 1971-இல் திறக்கப்பட்டது. அது பழைய பாலமா, புதிய பாலமா என்று தத்துவவாதிகள் வாதிடட்டும். எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. அந்நியர் கட்டிய பாலத்தின் கற்களை எண்ணிட்டுக் காத்தவரின் பெயரால் வெளிவந்த வாள்களுக்கு, அவர் மறைந்து சில பத்தாண்டுகளுக்குள் ஒரு ரப்பர்க் கட்டை அரிதாகிவிட்டது! பாலத்துக்கு எண் போதுமானதாயிருந்தது. கல் கையில் இருந்ததே! பாகம் கையில் இல்லாதபோது எண்ணை வைத்துக்கொண்டு என் செய்வது? அளவல்லவா வேண்டும்?

ஆயினும் உற்பத்தியாளரின் பக்கமும் நியாயம் உண்டு. என்றோ விற்ற எந்திரத்துக்காக என்றென்றும் பாகங்களைச் செய்து குவித்து வைக்க எவராலும் இயலாது. அப்படிக் கேட்பது அநீதி. ஐரோப்பிய ஒன்றியமும் எல்லையிட்டே விதித்திருக்கிறது. சலவை எந்திரத்தின் ஒரு மாதிரியைச் சந்தைக்கு அனுப்புவதை நிறுத்திய பின்னும் 10 ஆண்டுகள் வரை குறிப்பிட்ட பாகங்கள் கிடைக்க வேண்டும் என்ற விதி 2021-இல் நடைமுறைக்கு வந்தது. பழுதுபார்க்கும் உரிமை பற்றி 2024-இல் ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. அதன் பட்டியலிலும் சங்கிலி வாள் இடம்பெறவில்லை.

அப்படியானால் விற்றவனின் கடன் எதுவரை? என் கருத்து இது: பாகத்தைத் தரும் கடமைக்கு எல்லை உண்டு, அளவைத் தரும் கடமைக்கு எல்லை இல்லை. 'இனி நான் இதைச் செய்யப்போவதில்லை' என்று கைவிடும் நாளில், 'இதன் அளவு இது. இயன்றவர் செய்துகொள்க' என்று வரைபடத்தை வெளியிடுவதற்கு என்ன செலவு? தானும் செய்யாமல், பிறர் செய்யவும் விடாமல் பூட்டி வைப்பது, கிணற்றைத் தூர்த்துவிட்டுக் கயிற்றையும் ஒளித்து வைப்பதை ஒக்கும். வாங்கியவர் விலையோடு நம்பிக்கையையும் சேர்த்தே கொடுத்தார். விலை விற்றவருக்குச் சொந்தம். நம்பிக்கையோ அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

கடமை விற்றவருக்கு மட்டுமன்று, தேடுகிறவருக்கும் உண்டு. ஒரு வாளுக்குப் பாகம் வேண்டி மற்றொரு வாளைக் கழற்றுவது இத்துறையில் வழக்கம். மீட்க முடியாததைக் கழற்றினால் அது சிக்கனம். இயங்கக்கூடியதையும் பாகம் பாகமாக விற்றால் அதிக இலாபம் என்று கழற்றினால், அது பேராசை. போலிப் பாகத்தை அசல் என்று விற்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டா. 'இது அசலன்று, ஆயினும் பொருந்தும்' என்று சொல்லி விற்பதில் இழுக்கில்லை, மறைப்பதில்தான் இழுக்கு.

இன்னொரு கடமை இவை அனைத்தினும் பெரிது. சட்டத்தின் முனை மரத்தில் இடறினால் வாள் பிடித்தவரின் முகத்தை நோக்கித் துள்ளும். அந்நொடியில் சங்கிலியை நிறுத்தும் தடுப்பு 1970-களில்தான் பரவத் தொடங்கியது. அதற்கு முந்திய வாள்களில் அது இல்லை. இடையறாத அதிர்வால் விரல்கள் வெளிறி மரத்துப்போகும் நோயும் காட்டுத் தொழிலாளரை வாட்டியது. ஆகவே பழைய வாளை உயிர்ப்பித்தவர் அதன் ஆபத்தை அறிந்து, தாமே அளவோடு பயன்படுத்தலாம். கூலிக்கு வந்த ஏழையின் கையில் அதைக் கொடுத்து நாள் முழுவதும் அறுக்கச் சொல்வாராயின், எந்திரத்துக்குக் காட்டிய இரக்கத்தை மனிதனுக்குக் காட்டாதவராகிறார். பழமையின் மீதுள்ள பற்று பிறர் விரல்களை விலையாகக் கேட்கலாகாது.

நாம் செய்யும் பொருள்கள் நம்மைக் காட்டிலும் நெடுநாள் வாழக்கூடும். அவை பழுதுபடும் நாளில் நாம் இருக்கமாட்டோம். அன்று அவற்றைக் கையிலெடுக்கும் முகமறியா மனிதர், நாம் விட்டுச்சென்ற அளவைத் தேடுவார். அது அவருக்குக் கிடைக்குமாயின், நம் கடன் தீர்ந்தது.